பகடை உருட்டுவதா, புள்ளி கொடுத்து வாங்குவதா? டி அண்ட் டி பாத்திரத்துக்கு ஆறு எண்கள் எடுக்கும் வழிகள்

ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கதையாக ஆடும் மேசை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஆடப் புதிதாகச் சேரும் குழுக்கள் கதையைப் பற்றிக் கேட்பதைவிட அதிகமாகக் கேட்பது இதைத்தான்: ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டரிட்டி, கான்ஸ்டிடியூஷன், இன்டெலிஜன்ஸ், விஸ்டம், கரிஸ்மா ஆகிய ஆறு திறன்களுக்கும் எண்களைப் பகடை உருட்டி எடுக்கலாமா, ஆளுக்கு 27 புள்ளி கொடுத்து வாங்கிக்கொள்ளச் சொல்லலாமா? ஐந்தாம் பதிப்பின் விதிநூல் இரண்டையும் அனுமதிக்கிறது. எது மேல் என்று அது சொல்வதில்லை. அதனால்தான் பாதிக் குழுக்கள் முதல் நாளிலேயே இதில் மாட்டிக்கொள்கின்றன.

சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டத்து ஊரில் இன்னும் சில சிக்கல்கள் கூடும். ஒருவருக்குச் செம்பனை ஆலையில் ஷிப்டு. இன்னொருவர் ஈப்போவில் படிக்கிறார், சனி ஞாயிறுதான் வீட்டுக்கு வருவார். மூன்றாமவர் சிங்கப்பூரில் இருந்துகொண்டு கைப்பேசிக் காணொளியில் சேர்கிறார். தம்பி படிவம் 4, ஒன்பது மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் கிடைத்தால் பெரிது. கோலாலம்பூர் விளையாட்டுக் கடையில் முன்பின் தெரியாதவர்களோடு ஆடும் ஒரு மாலைக்குப் பொருந்துகிற பதில் இந்தக் குழுவுக்குப் பொருந்த வேண்டும் என்றில்லை.

## முதலில் அளவுகோல்கள்

எதை வைத்து எடைபோடுவது என்று முடிவு செய்யாமல் விவாதித்தால், "உருட்டினால்தான் த்ரில்" என்று ஒருவரும் "அது நியாயமில்லை" என்று இன்னொருவரும் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பார்க்க வேண்டியவை இவை:

- ஒரே மேசையில் ஆளுக்கு ஆள் இடைவெளி. சராசரி எண் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பது பெரிய விஷயமில்லை. எல்லாரும் பலவீனமாக இருந்தால் டிஎம் (டன்ஜன் மாஸ்டர், கதையையும் எதிரிகளையும் நடத்துபவர்) எதிரிகளைக் குறைத்துக்கொள்வார். ஒருவர் மட்டும் பலவீனம் என்றால் அதற்கு மருந்து கிடையாது.
- ஆட்டம் எத்தனை நாள் ஓடும். ஒரே இரவா, ஒரு வருடமா?
- பாத்திரம் முன்பே மனதில் இருக்கிறதா, எண்களைப் பார்த்துத்தான் பிறக்க வேண்டுமா?
- சாட்சி. எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து எண் எடுக்க முடியுமா?
- நேரம், குறிப்பாகப் புதியவர்களுக்கு.

இவற்றில் முதல் இரண்டும் சேர்ந்தால் முக்கால்வாசி முடிவு வந்துவிடும். ஆட்டம் நீள நீள அந்த இடைவெளியின் விலையும் ஏறும்.

## வழி 1: நான்கு பகடை உருட்டி, சிறியதை விடுவது

முறை எளிது. ஆறு முகப் பகடை நான்கு உருட்டுங்கள், மிகச் சிறிய எண்ணை நீக்குங்கள், மீதி மூன்றையும் கூட்டுங்கள். இதை ஆறு முறை செய்து, கிடைத்த ஆறு எண்களை விருப்பப்படி ஆறு திறன்களுக்கும் பிரித்துக் கொடுங்கள். 1974-இல் ஆட்டம் முதலில் வெளிவந்தபோது மூன்றே பகடைதான், விழுந்த வரிசையிலேயே எழுத வேண்டும். நான்கு உருட்டி ஒன்றை விடும் வழக்கம் 1979-இல் வந்த டிஎம் வழிகாட்டி நூலில் ஒரு முறையாகப் பதிவாகி, பிறகு எல்லா மேசைக்கும் பரவியது.

ஓர் உதாரணம் பார்ப்போம்:

- 6, 6, 3, 1 → 15
- 6, 5, 4, 4 → 15
- 5, 4, 4, 2 → 13
- 5, 3, 3, 1 → 11
- 4, 3, 3, 2 → 10
- 3, 2, 2, 1 → 7

மொத்தம் 71. மோசமில்லை. ஆனால் அந்த 7 எங்கேயாவது உட்கார வேண்டும், உட்கார்ந்த இடத்தில் மாடிஃபையர் (அந்தத் திறனுக்காகப் பகடை எண்ணோடு கூட்டும் அல்லது கழிக்கும் அளவு) −2. இப்படி ஒரு 7 அல்லது அதற்கும் கீழான எண் விழுவது அரிதில்லை: ஆறு எண்களில் குறைந்தது ஒன்றாவது அப்படி வர ஏறக்குறைய 30 விழுக்காடு வாய்ப்பு உண்டு. நான்கு பேர் உட்கார்ந்தால் ஒருவர் மடியிலாவது விழும் என்றே எதிர்பார்க்கலாம்.

எல்லாரும் காத்திருக்கும் 18 எப்படி? ஒரு தடவை உருட்டினால் 1,296-இல் 21 வழிகள், அதாவது 1.6 விழுக்காடு. ஆறு தடவை உருட்டும் ஒருவருக்கு ஒரு 18-ஆவது கிடைக்க 9.3 விழுக்காடு. பத்தில் ஒருவருக்குக்கூட இல்லை.

ஓர் எண்ணின் சராசரி 12.24, ஆறுக்கும் சேர்த்து 73.5. பலர் இந்தச் சராசரியோடு நின்றுவிடுகிறார்கள்: "புள்ளி முறையில் 72 வருகிறது, உருட்டினால் 73.5, ஆக உருட்டுவதே லாபம்." இங்கேதான் கணக்கு ஏமாற்றும். நான்கு பேர் தனித்தனியாக உருட்டினால், அதிக மொத்தம் எடுத்தவருக்கும் குறைந்த மொத்தம் எடுத்தவருக்கும் இடையே சராசரியாக 14 புள்ளி வித்தியாசம் வரும். 14 புள்ளி என்றால் ஆறு திறன்களிலும் ஒருவர் மற்றவரைவிட ஒரு மாடிஃபையர் மேல். 65-க்குக் கீழோ 65-ஆகவோ மொத்தம் எடுக்க எட்டில் ஒருவருக்கு வாய்ப்பு. 82-ம் அதற்கு மேலும் எடுக்கவும் அதே எட்டில் ஒன்று. இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் லெவலில் அது பெரிதாகத் தெரியாது. பாதுகாப்பு எண் (அடி படுவதற்குத் தொட வேண்டிய எண்) 15 உள்ள காப்லின் என்ற சிறு எதிரி ஒன்றை 16 ஸ்ட்ரெங்த் உள்ள ஃபைட்டர் அடித்தால் 55 விழுக்காடு படும். 18 உள்ளவருக்கு 60, 14 உள்ளவருக்கு 50. ஒரு மாலையில் பத்துத் தடவை வாள் வீசினால் ஓர் அடி கூடும், குறையும். ஆனால் ஐந்தாம் லெவலில் கான்ஸ்டிடியூஷன் 18 உள்ளவருக்கும் 10 உள்ளவருக்கும் உயிர்ப்புள்ளியில் 20 வித்தியாசம். ஒருவர் கீழே விழுந்து கிடக்கும்போது இன்னொருவர் அப்போதுதான் சூடு பிடிக்கிறார்.

நான்காம் லெவலில் திறனை 2 உயர்த்தும் வாய்ப்பு எல்லாருக்கும் ஒன்றுபோல் வருகிறதே, அப்போது சரியாகிவிடாதா? ஆகாது. 18 உருட்டியவர் பின்னணியின் (பாத்திரத்தின் முந்தைய வாழ்க்கை, அது சில திறன்களை உயர்த்தும்) +2-ஐச் சேர்த்து முதல் லெவலிலேயே 20 என்ற உச்சவரம்பைத் தொட்டிருப்பார். அவர் அந்த வாய்ப்பைப் புதிய சிறப்புத் திறன் எடுக்கச் செலவழிப்பார். 14 உருட்டியவர் அதே வாய்ப்பை எண்ணை ஏற்றவே செலவழிப்பார். இடைவெளி குறையாது, வேறு வடிவத்தில் தொடரும்.

### உருட்டலின் மறைமுகச் செலவுகள்

வீட்டு விதிகள் சத்தமில்லாமல் எண்களை ஏற்றிவிடும். "1 விழுந்தால் அந்தப் பகடையை மறுபடி உருட்டலாம்" என்பது சாதாரணமாகச் சேர்க்கும் சலுகை. அதனால் ஓர் எண்ணின் சராசரி 12.24-லிருந்து 13.43-க்குப் போகும், ஆறுக்கும் சேர்த்து 7 புள்ளி கூடுதல். "இரண்டு செட் உருட்டி நல்லதை எடு" என்றால் மொத்தம் சராசரியாக 77-ஐத் தாண்டும், மூன்று செட் என்றால் 79. சலுகை கொடுப்பதில் தப்பில்லை. கொடுத்துவிட்டு விதிநூலில் உள்ள எதிரிகளை அப்படியே இறக்கினால் மூன்றாவது வாரமே யாருக்கும் பயம் இருக்காது.

பிடிக்காத பாத்திரம் சீக்கிரம் சாகும். மோசமாக உருட்டியவர் அந்தப் பாத்திரத்தைப் பாதுகாக்க மாட்டார். கதவைத் திறந்து முதலில் ஓடுவார், செத்தால் புது செட் கிடைக்குமே! இதைத் தடுக்க 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் ஒரு விதி இருந்தது: மாடிஃபையர்களின் கூட்டுத்தொகை 0 அல்லது அதற்குக் கீழ் என்றாலோ, மிகப் பெரிய எண் 13-ஐத் தாண்டாவிட்டாலோ, மொத்தத்தையும் தூக்கிப்போட்டு மறுபடி உருட்டலாம். உருட்டத்தான் போகிறீர்கள் என்றால் இந்த விதியை இன்றும் கடன் வாங்குவது நல்லது. ஆனால் இது அடிமட்டத்தை மட்டுமே தூக்கும். உச்சத்தில் இருப்பவரை அது தொடாது.

வகுப்பைப் (ஃபைட்டர், விஸர்டு போன்ற பாத்திர வகை) பொறுத்து அடி விழும். விஸர்டுக்கு ஒரு நல்ல எண் போதும், மற்றவை சுமார் என்றாலும் ஓட்டிவிடலாம். மங்க், பாலடின் போன்றவர்களுக்கு மூன்று நல்ல எண்கள் வேண்டும். "நான் பாலடின்தான்" என்று மூன்று பக்கம் கதை எழுதிக்கொண்டு வந்த தம்பி 14, 12, 11, 10, 9, 7 உருட்டினால் அந்த மூன்று பக்கமும் வீண். உருட்டுவதாக இருந்தால் கதையை அதற்குப் பிறகு எழுதச் சொல்லுங்கள்.

சாட்சி இல்லாத உருட்டல். சிங்கப்பூரிலிருந்து "அண்ணே, 17, 16, 16, 14, 13, 11 விழுந்தது" என்று புலனத்தில் செய்தி வரும். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அன்றிலிருந்து அவர் ஒவ்வொரு தடவை நன்றாக ஆடும்போதும் யாராவது சிரிப்பார்கள். அட்வெஞ்சரர்ஸ் லீக் என்ற அதிகாரபூர்வப் பொது ஆட்டத்தில் உருட்டலுக்கு இடம் தராததற்கும் இதுவே போதுமான காரணம்: ஒரே பாத்திரத்தோடு மேசைக்கு மேசை போகலாம், எண் எடுத்ததைப் பார்த்தவர் யாரும் அடுத்த மேசையில் இருக்கமாட்டார்கள்.

### பகடையும் மேசையும்

நான்கு ஆறுமுகப் பகடைக்காக ஈப்போ வரை போகத் தேவையில்லை. பாம்பு ஏணிப் பெட்டியிலிருந்தும் சைடினா பெட்டியிலிருந்தும் பொறுக்கிச் சேர்த்தால் போதும், நிறமும் அளவும் வேறு வேறாக இருந்தாலும் பரவாயில்லை. பாசார் மாலாமில் வாங்கிய மலிவுப் பகடையில் சந்தேகம் இருந்தால் 120 தடவை உருட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முகமும் 20 தடவை வர வேண்டும், 12-லிருந்து 28 வரை வந்தால் கவலை வேண்டாம். ஒரு முகம் 30-ஐத் தாண்டினால் இன்னொரு 120 உருட்டிப் பாருங்கள், மறுபடியும் அதே முகம் தாண்டினால் அந்தப் பகடையை ஒதுக்கிவிடுங்கள். பகடை ஒரு பக்கம் சற்றுத் தட்டையாக வார்க்கப்பட்டிருந்தால் எதிரெதிர் முகங்கள் இரண்டும், உதாரணமாக 1-ம் 6-ம், சேர்ந்தே அதிகமாக விழும். அதனால் அது யாருக்கும் நேரடி லாபமாக இல்லாமல் எண்களைச் சிதறவைக்கும்.

பிஸ்கட் டின் மூடியில் பழைய துணி விரித்தால் நல்ல உருட்டுத் தட்டு. தட்டு இல்லாவிட்டால் இந்தப் பேச்சு நடக்கும்:

"அண்ணே, சாஞ்சிருக்கு, செல்லாதுலா."

"டேய், ஆறுதான் மேல தெரியுது, பாரு."

முதல் பகடை விழுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: சாய்ந்தால் அந்தப் பகடை மட்டும் மறுபடி, தட்டைத் தாண்டினாலும் அதே. "சும்மா கை பழக" உருட்டுவது கிடையாது. எண்களை மாற்றி அடுக்கலாமா, எத்தனை செட், எப்போது மறு உருட்டல் என்பதும் தாளில் இருக்கட்டும். உருட்டி முடித்த பிறகு போடும் விதி எதுவானாலும் யாரோ ஒருவருக்குப் பாதகமாகத்தான் தெரியும்.

பொது மண்டபத்தில் ஆடுபவர்களுக்கு இன்னொன்று. பகடைச் சத்தம் கேட்டால் பெரியவர்கள் சூதாட்டம் என்றுதான் முதலில் நினைப்பார்கள். புள்ளி முறைக்கு மாறினாலும் இது தீராது, ஆட்டம் முழுக்க இருபது முகப் பகடை உருண்டுகொண்டே இருக்கும். ரொட்டி சானாய்க்குப் பங்குக் காசு பிரிப்பதை மேசையில் வைத்துச் செய்யாதீர்கள், அவ்வளவுதான்.

## வழி 2: 27 புள்ளி கொடுத்து வாங்குவது

ஆறு திறன்களும் 8-இல் தொடங்கும். கையில் 27 புள்ளி. விலைப் பட்டியல்:

| எண் | 8 | 9 | 10 | 11 | 12 | 13 | 14 | 15 |
|---|---|---|---|---|---|---|---|---|
| விலை | 0 | 1 | 2 | 3 | 4 | 5 | 7 | 9 |

13 வரை ஒரு படிக்கு 1 புள்ளி, 14-க்கும் 15-க்கும் படிக்கு 2. 15-க்கு மேல் வாங்க முடியாது, 8-க்குக் கீழ் விற்கவும் முடியாது. பின்னணி தரும் உயர்வு எல்லாம் வாங்கி முடித்த பிறகுதான் சேரும்.

பிழை நடக்கும் இடங்கள் இவைதான். 8-லிருந்து 15 ஏழு படி என்பதால் 7 புள்ளி என்று எழுதிவிடுவார்கள், உண்மையில் 9. பின்னணியின் +2-ஐ முதலிலேயே கூட்டிவிட்டு 13 விலைக்கு 15 வாங்கிவிடுவார்கள். கடைசியில் மிஞ்சும் 1 புள்ளியை ஒரு 8-ஐ 9 ஆக்கச் செலவழிப்பார்கள். 8-க்கும் 9-க்கும் மாடிஃபையர் ஒன்றே, −1. அந்தப் புள்ளி காற்றில் போனது.

புள்ளி முறையின் சூட்சுமம் முழுக்க ஒற்றை, இரட்டை எண்ணில் இருக்கிறது. மாடிஃபையர் இரட்டை எண்ணில்தான் ஏறும். 2024 விதிகளில் பின்னணி மூன்று திறன்களைக் குறிப்பிடும். அவற்றில் ஒன்றுக்கு +2-ம் இன்னொன்றுக்கு +1-ம் கொடுக்கலாம், அல்லது மூன்றுக்கும் +1. 'ஃபார்மர்' பின்னணியை எடுத்துக்கொள்வோம், நம் ஊர்ப் பிள்ளைகள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். அது ஸ்ட்ரெங்த், கான்ஸ்டிடியூஷன், விஸ்டம் மூன்றையும் உயர்த்தும். ஒரு ஃபைட்டரை இரண்டு விதமாக வாங்கிப் பார்க்கலாம்:

| | ஸ்ட்ரெங்த் | டெக்ஸ்டரிட்டி | கான்ஸ்டிடியூஷன் | இன்டெலிஜன்ஸ் | விஸ்டம் | கரிஸ்மா |
|---|---|---|---|---|---|---|
| அ: வாங்கியது | 14 | 12 | 14 | 8 | 14 | 10 |
| அ: மூன்றுக்கும் +1 | 15 | 12 | 15 | 8 | 15 | 10 |
| ஆ: வாங்கியது | 15 | 10 | 15 | 8 | 13 | 10 |
| ஆ: மூன்றுக்கும் +1 | 16 | 10 | 16 | 8 | 14 | 10 |

இரண்டுமே சரியாக 27 புள்ளி. முதலாவதில் பின்னணியின் மூன்று +1-ம் ஒற்றை எண்ணில் போய் நின்றுவிட்டன, 15 மூன்றும் +2 தான் தரும். இரண்டாவதில் அதே செலவுக்கு ஸ்ட்ரெங்த்தும் கான்ஸ்டிடியூஷனும் +3. டெக்ஸ்டரிட்டியில் ஒன்று குறைந்தது, கனமான கவசம் போடும் ஃபைட்டருக்கு அது வலிக்காது. ஆக, +1 விழப்போகும் இடத்தில் ஒற்றை எண் வாங்குங்கள், மற்ற எல்லா இடத்திலும் இரட்டை.

### புள்ளி முறையின் மறைமுகச் செலவுகள்

முதல் லெவலில் 17-க்கு மேல் யாருக்கும் கிடையாது. 18 உள்ள ஃபைட்டரோடு ஆரம்பிக்கும் ஆசை இருந்தால் இந்த வழியில் அது நடக்காது.

பெரிய செலவு வேறு: எல்லாரும் ஒரே மாதிரி ஆகிவிடுவார்கள். இன்டெலிஜன்ஸ் தேவைப்படாத வகுப்பு எடுத்தவர் அதை 8-இல் விட்டுவிடுவார், அதுதான் இலவசம். கரிஸ்மாவும் அப்படியே. நான்கு பேரும் தனித்தனியாக வீட்டில் கணக்குப் போட்டு வந்தால், கல்வெட்டைப் படிக்கவோ சந்தையில் பேரம் பேசவோ ஆளே இல்லாத ஒரு கூட்டம் உருவாகும். இதற்கு டிஎம்தான் வழி செய்ய வேண்டும். முதல் மூன்று வாரங்களில் இன்டெலிஜன்ஸ் சோதனை ஒன்றாவது உண்மையாகவே வலிக்கும் இடத்தில் வரட்டும்: பூட்டின் மேல் எழுதியிருக்கும் எச்சரிக்கையை யாராலும் புரிந்துகொள்ள முடியாமல் போகட்டும். அடுத்த பாத்திரத்துக்குப் புள்ளி தானாகவே அங்கே போகும்.

நேரமும் ஒரு செலவு. ஆட்டம் தெரிந்தவர் பத்து நிமிடத்தில் முடிப்பார். புதியவரிடம் விலைப் பட்டியலைக் கொடுத்தால், எந்த வகுப்புக்கு எது முக்கியம் என்றே தெரியாமல் அரை மணி நேரம் விழிப்பார். மூன்று மணி நேர மாலையில் அது பெரிய பங்கு. ஆனால் உருட்டலுக்கு இல்லாத ஒரு வசதி இதற்கு உண்டு: வீட்டிலேயே செய்துவிட்டு வரலாம், யாரும் பார்க்கத் தேவையில்லை. கூட்டிப் பார்த்தால் 27 வருகிறதா என்று யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம். ஷிப்டு முடிந்து நேராக வருபவருக்கும் தூரத்தில் இருப்பவருக்கும் இது பெரிய நிம்மதி.

## வழி 3: தயார் வரிசை

15, 14, 13, 12, 10, 8. விதிநூலே தரும் ஆறு எண்கள், அடுக்குவது மட்டும் உங்கள் வேலை. இது 27 புள்ளிக்குச் சரியாக வாங்கக்கூடிய ஒரு சேர்க்கைதான். நான்கு பகடை உருட்டலில் மிகப் பெரிய எண், அடுத்தது என்று வரிசைப்படுத்திச் சராசரி எடுத்தால் 15.7, 14.2, 13.0, 11.8, 10.4, 8.5 வரும். தயார் வரிசை ஏறக்குறைய அதுவே. முதல் தடவை ஆடுபவருக்கு வேறெதையும் காட்ட வேண்டாம், ஐந்து நிமிடத்தில் வேலை முடியும்.

## உருட்டும் ஆசையை விடாமல் இடைவெளியை ஒழிக்க

புள்ளி முறையை எதிர்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் வேண்டியது உயர்ந்த எண்கள் அல்ல. என்ன வரும் என்று தெரியாத அந்தப் பரபரப்புதான் வேண்டும். அதைத் தனியாகப் பிரித்தெடுக்கலாம்.

பொது வரிசை. மேசையில் உள்ளவர்கள் மாறி மாறி உருட்டி மொத்தம் ஆறே ஆறு எண்கள் எடுக்கிறார்கள். அந்த ஆறையும் எல்லாரும் பயன்படுத்துகிறார்கள். எண்கள் மோசமா, எல்லாருக்கும் மோசம். பிரமாதமா, டிஎம் எதிரிகளை ஒரு படி ஏற்றிவிடுவார். இடைவெளி சுழியம். செலவும் இல்லை. இத்தனை எளிதாக இருந்தும் இதைச் செய்யும் மேசைகள் ஏன் இவ்வளவு குறைவு என்பது புரியாத விஷயம்.

சீட்டு முறை. ஒரு சாதாரணச் சீட்டுக்கட்டிலிருந்து 18 சீட்டு எடுங்கள்: 6 எண் சீட்டில் நான்கு, 5-இல் நான்கு, 4-இல் மூன்று, 3-இல் நான்கு, 2-இல் மூன்று. நன்றாகக் கலைத்து மூன்று மூன்றாக ஆறு குவியல் போடுங்கள். ஒவ்வொரு குவியலின் கூட்டுத்தொகையும் ஒரு திறன் எண். யார் போட்டாலும் மொத்தம் 74 தான், ஆனால் அது எப்படிச் சிதறும் என்பது விதி கையில். அதிகபட்சம் 18, அது வர ஏறக்குறைய 3 விழுக்காடு. குறைந்தபட்சம் 6. 7-ம் அதற்குக் கீழும் வர பத்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. பகடையில் இது 30 விழுக்காடாக இருந்ததை நினைவில் வையுங்கள். ஒருவர் முடித்ததும் 18 சீட்டையும் திரும்பக் கலைத்து அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். எண்ணிக்கையில் ஒரு சீட்டு தவறினாலும் கணக்குக் கெடும், அதனால் கடைசியில் 74 வருகிறதா என்று ஒருதரம் கூட்டிப் பாருங்கள்.

"உருட்டிப் பார், பிடிக்காவிட்டால் தயார் வரிசையை எடுத்துக்கொள்" என்ற சமரசமும் உண்டு. அடிமட்டத்தில் இருப்பவரைக் காப்பாற்றும். ஆனால் 84 மொத்தம் எடுத்தவருக்கும் 72-ஐ எடுத்துக்கொண்டவருக்கும் நடுவே 12 புள்ளி அப்படியே நிற்கும்.

## பக்கத்தில் பக்கமாக

| | உருட்டல் | 27 புள்ளி | தயார் வரிசை | சீட்டு முறை |
|---|---|---|---|---|
| ஆறின் மொத்தம் | சராசரி 73.5, பரவல் அதிகம் | 69 முதல் 75 | 72 | 74 |
| நால்வரிடையே இடைவெளி | சராசரி 14 | மிகக் குறைவு | இல்லை | மொத்தத்தில் இல்லை |
| பின்னணிக்கு முன் உச்சம் | 18 | 15 | 15 | 18 |
| பின்னணிக்கு முன் அடி | 3 | 8 | 8 | 6 |
| சாட்சி | வேண்டும் | வேண்டாம் | வேண்டாம் | வேண்டும் |
| புதியவருக்கு ஆகும் நேரம் | குறைவு | அதிகம் | மிகக் குறைவு | குறைவு |
| முன்பே யோசித்த பாத்திரம் | ஆபத்து | நன்று | நன்று | சுமார் |

## எந்த மேசைக்கு எது

தீபாவளி விடுமுறைக்கு எல்லாரும் ஊருக்கு வந்திருக்கிறார்கள், ஒரே இரவு ஆட்டம், விடிந்தால் பாத்திரத்துக்கு வேலை இல்லை என்றால் தயக்கமே வேண்டாம், உருட்டுங்கள். 5 விழுந்தால் அது அன்றைய சிரிப்பு, யாரும் அதை அடுத்த வாரம் சுமக்கப் போவதில்லை. துணிச்சல் இருந்தால் 1974 முறைப்படி மூன்று பகடை, விழுந்த வரிசையிலேயே. சராசரி 10.5 தான், பாதிப் பேர் விடிவதற்குள் செத்துவிடுவார்கள், அந்த வகை ஆட்டத்தின் சுவையே அதுதான்.

மூன்று மாதத்துக்கு மேல் ஓடும் ஆட்டம், ஒருவராவது தூரத்திலிருந்து சேர்கிறார், எல்லாரிடமும் பாத்திர யோசனை தயாராக இருக்கிறது: 27 புள்ளி. இதில் இரண்டாம் யோசனை தேவையில்லை.

நீண்ட ஆட்டம்தான், ஆனால் எல்லாரும் ஒரே மேசையில் கூடுகிறார்கள், யாருக்கும் இன்னும் பாத்திரம் முடிவாகவில்லை என்றால் பொது வரிசையோ சீட்டு முறையோ எடுங்கள். தனித்தனி உருட்டலை இங்கே தவிர்ப்பது நல்லது. பல வருடம் சேர்ந்து ஆடிப் பழகிய, எண் குறைந்தாலும் முகம் சுளிக்காத குழு என்றால் மட்டும் விதிவிலக்கு. அப்படிப்பட்ட குழு இந்தக் கேள்வியையே கேட்டிருக்காது.

தமிழ்ப்பள்ளி மாணவர்களையோ, முதல் தடவை ஆடும் தம்பி தங்கைகளையோ உட்கார வைத்து நடத்தினால் தயார் வரிசை. மூன்றாவது, நான்காவது மாலையில் அவர்களே "இந்த 13-ஐ மாத்திக்கலாமா அண்ணே" என்று கேட்பார்கள். அப்போது விலைப் பட்டியலைக் காட்டி, ஒருதரம் முழுக்கத் திருத்தி எழுத அனுமதியுங்கள்.

இடையில் பாத்திரம் செத்தாலோ புதிதாக ஒருவர் சேர்ந்தாலோ, ஆட்டம் எந்த முறையில் தொடங்கியதோ அதே முறையில்தான் புதுப் பாத்திரமும் வர வேண்டும். ஒரே ஒரு விலக்கு: தனித்தனியாக உருட்டித் தொடங்கிய ஆட்டத்தில் ஆறாவது மாதம் சேருபவரையும் உருட்டச் சொல்லாதீர்கள். மேசையில் இருக்கும் பாத்திரங்களின் தொடக்க மொத்தங்களைக் கூட்டிச் சராசரி பாருங்கள். அது 75-ஐத் தாண்டவில்லை என்றால் 27 புள்ளி போதும். 78-க்கு மேல் என்றால் 32 புள்ளி வரை கொடுக்கலாம், 15 என்ற வாங்கும் வரம்பை மட்டும் தளர்த்தாதீர்கள்.